வெயில் நாட்டில் இருந்து வந்தவருக்கும் விற்றமின் டீ குறையுமா?

புதிதாக வந்து எங்களிடம் ஆலோசனை கேட்கும் சகோதர சகோதரிகள் பலர் நேரே ஊரில் இருந்து வந்தவர்கள் அல்லர். டுபாய், அபுதாபி, கட்டார், குவைத், சவூதி என்று மத்திய கிழக்கில் சில காலம் வேலை செய்து, அதன் பிறகு இங்கிலாந்து வந்தவர்கள். இடுப்பு வலி, கால் உளைவு, எந்நேரமும் களைப்பு என்று வைத்தியரிடம் போகிறார்கள். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு "உங்களுக்கு விற்றமின் டீ குறைவு" என்று வைத்தியர் சொல்கிறார். உடனே எழும் கேள்வி இதுதான்: "நான் டுபாயிலை ஏழு வருஷம் இருந்தனான். அங்கை அடிக்காத வெயிலே? எனக்கெப்பிடி விற்றமின் டீ குறையும்?"

நியாயமான கேள்வி. பலர் இதை நம்பாமல் கொடுத்த குளிசையை மேசையில் வைத்துவிட்டு விடுகிறார்கள். வலி தொடர்கிறது. ஆகவே இந்த முறை பாடமாக இதையே எடுத்துக்கொள்வோம். சுருக்கமான பதில்: ஆம், குறையும். நாட்டில் வெயில் இருப்பது வேறு, அந்த வெயில் உங்கள் தோலில் படுவது வேறு. வளைகுடா நாடுகளே இதற்குச் சான்று.

விற்றமின் டீ என்ன செய்கிறது?

நாம் உண்ணும் பால், மீன், கீரையில் உள்ள கல்சியத்தைக் குடல் உறிஞ்சி எடுப்பதற்கு விற்றமின் டீ வேண்டும். அது இல்லாவிட்டால் எவ்வளவு பால் குடித்தாலும் கல்சியத்தின் பெரும் பகுதி வீணாக வெளியேறிவிடும். இரத்தத்தில் கல்சியம் குறைய விடாமல் உடல் என்ன செய்யும் தெரியுமா? எலும்பில் இருந்து எடுத்துக்கொள்ளும். நாளடைவில் எலும்பு உரம் இழந்து மென்மையாகும். பிள்ளைகளுக்கு இது வந்தால் கால் எலும்பு வளையும். வளர்ந்தவர்களுக்கு எலும்பு நோவும், தசை பலம் இழக்கும்.

மற்ற விற்றமின்கள் சாப்பாட்டில் இருந்து வருகின்றன. விற்றமின் டீ மட்டும் பெரும்பாலும் நமது தோலிலேயே உண்டாகிறது. சூரிய ஒளியில் உள்ள ஊதாக் கடந்த கதிர்களில் ஒரு வகை (யூ.வி.பீ. என்பார்கள்) தோலில் பட்டதும், அங்குள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருள் விற்றமின் டீயாக மாறுகிறது. பிறகு அது ஈரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றம் அடைந்து வேலைக்குத் தயாராகிறது.

வெயில் இருந்தும் கதிர் படாமல் தடுப்பவை நான்கு

1. கண்ணாடி. ஜன்னல் கண்ணாடியும் வாகனக் கண்ணாடியும் இந்தக் கதிரை உள்ளே விடாது. ஜன்னல் ஓரம் இருந்தால் சூடு தெரியும், வெளிச்சம் தெரியும். ஆனால் விற்றமின் டீ உண்டாகாது.

2. உடுப்பு. துணி மூடிய இடத்தில் கதிர் படாது. முகமும் கை விரல்களும் மட்டும் வெளியே தெரிந்தால் கிடைப்பது மிகக் கொஞ்சம்.

3. தோலின் நிறம். கறுப்பு, மண்ணிறத் தோலில் உள்ள நிறப்பொருள் சூரியனில் இருந்து நம்மைக் காக்கிறது. அதே காரணத்தால் விற்றமின் டீ மெதுவாகவே உண்டாகும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, இங்கிலாந்தில் கோடையில் முழங்கைக்குக் கீழும் முழங்காலுக்குக் கீழும் வெயில் பட நிற்கும் வெள்ளைத் தோலுக்கு நடுப்பகலில் நாளொன்றுக்கு 9 நிமிடம் போதும். நம்மைப் போன்ற மண்ணிறத் தோலுக்கு ஏறத்தாழ 25 நிமிடம் வேண்டும்.

4. சூரியன் நிற்கும் உயரம். சூரியன் தாழ்வாக நின்றால் கதிர் காற்று மண்டலத்திலேயே தேய்ந்துவிடும். இதை அறிய ஒரு சுலபமான வழி உண்டு. வெளியே நின்று உங்கள் நிழலைப் பாருங்கோ. நிழல் உங்கள் உயரத்தைவிடக் கட்டையாக இருந்தால் அந்த வெயிலில் போதிய கதிர் உண்டு. நிழல் நீளமாக இருந்தால் கிடைப்பது சொற்பம்.

யாழ்ப்பாணத்தில் வருஷம் முழுக்க நடுப்பகல் நிழல் கட்டை. டுபாயில் ஜூன் மாத நடுப்பகலில் நிழல் காலடியில் கிடக்கும், டிசம்பரில் ஏறத்தாழ நம் உயரத்துக்கு வரும். லண்டனில் டிசம்பர் நடுப்பகலில் நிழல் நமது உயரத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். இந்த மூன்று ஊரையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கோ.

வளைகுடாவில் கண்ட உண்மை

உலகத்தில் வெயில் அதிகம் உள்ள பகுதிகளில் வளைகுடாவும் ஒன்று. அங்கே இந்தக் குறைபாடு இருக்காது என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1980களின் தொடக்கத்தில் சவூதி அரேபியாவில் இரத்தப் பரிசோதனை செய்து பார்த்தபோது அந்த எண்ணம் தவறு என்று தெரிந்தது. அதன் பிறகு குவைத், கட்டார், எமிரேட்ஸ் எங்கும் அதே கதைதான்.

எமிரேட்ஸின் அல் ஐன் நகரத்தில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 1998இல் வெளியானது. அந்நாட்டுப் பெண்கள், வேறு அரபு நாட்டுப் பெண்கள், அங்கே வசித்த ஐரோப்பியப் பெண்கள் என மூன்று பகுதியினரையும் ஒப்பிட்டார்கள். ஒரே ஊர், ஒரே வெயில். ஐரோப்பியப் பெண்களின் இரத்தத்தில் விற்றமின் டீ கூடுதலாக இருந்தது, மற்ற இரு பகுதியினருக்கும் குறைவாக இருந்தது. எவ்வளவு நேரம் வெளியே நின்றார்கள், எவ்வளவு தோலில் வெயில் பட்டது, தோலின் நிறம் என்ன என்பவையே கணக்கில் வந்தன.

அதே ஊரில் கோடை காலத்தில் தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளையும் அவர்களின் தாய்மாரையும் சோதித்த ஆய்வு 2003இல் வந்தது. தாய்மாரில் பாதிக்கு மேற்பட்டோருக்கும், குழந்தைகளில் பெரும்பாலானோருக்கும் விற்றமின் டீ மிகக் குறைவு. கொளுத்தும் கோடையில் இந்த நிலை! தாய்ப்பாலில் விற்றமின் டீ கொஞ்சம்தான் உண்டு. தாயிடமே இல்லாதபோது பிள்ளைக்கு எங்கிருந்து கிடைக்கும்? அதனால்தான் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு விற்றமின் டீ துளிகள் கொடுக்க வேண்டும் என்று அந்த வைத்தியர்கள் எழுதினார்கள்.

காரணத்தை நீங்களே அறிவீர்கள். அந்த வெயிலில் மனிதர் நிற்க முடியாது. கோடையில் வெப்பம் 45 பாகைக்கு மேல் போகும் நாட்கள் உண்டு. எமிரேட்ஸில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இந்த நடுப்பகல் ஓய்வு 2005இல் தொடங்கியது. வசதி உள்ளவர்கள் ஏசி வீட்டில் இருந்து ஏசி வாகனத்தில் ஏறி ஏசி கடையில் இறங்குகிறார்கள். வெயிலுக்குப் பயந்து உள்ளே இருக்கும் நாடு அது.

நம்மவர்களில் யாருக்கு ஆபத்து அதிகம்?

வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்த சகோதரிகள்: இவர்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பல வீடுகளில் தனியே வெளியே போக விடுவதில்லை. குப்பை போட வாசல் வரை போவதும், மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போடுவதும்தான் அவர்கள் கண்ட வெயில். அதையும் உடல் முழுக்க மூடித்தான் செய்ய வேண்டும். இரண்டு வருஷம், நாலு வருஷம் இப்படி இருந்தவருக்கு விற்றமின் டீ குறைந்திருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை.

இரவு வேலை செய்தவர்கள்: ஹோட்டல் சமையல் அறை, துப்புரவு, காவல் வேலை. பகலில் முகாம் அறையில் நித்திரை, பொழுது பட்டதும் வேலை. வெயிலைக் கண்டே பல நாள் என்பார்கள்.

கட்டட வேலை செய்த தம்பிமார்: இவர்களுக்கு மற்றவர்களைவிட ஓரளவு கூட இருக்கலாம். ஆனால் தலையில் துணி, முகத்தில் துணி, கையுறை, கணுக்கால் வரை வேலை உடுப்பு. "வெளியிலை நிண்ட எனக்குக் குறையாது" என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டாம்.

குடும்பமாக அடுக்குமாடியில் இருந்த தாய்மாரும் பிள்ளைகளும்: பள்ளிக்கூட வாகனம், வகுப்பறை, வீடு, தொலைக்காட்சி. விளையாட வெளியே விட்டாலும் பொழுது சாய்ந்த பிறகுதான்.

வழியில் தடுப்பு முகாமில், பூட்டிய அறையில் மாதக் கணக்கில் இருந்தவர்கள்: இவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

உடல் காட்டும் அடையாளங்கள்

பலருக்கு ஆரம்பத்தில் எந்த அடையாளமும் இராது. குறைவு கடுமையாகும்போது இவை வரலாம்:

- இடுப்பு, தொடை, முழங்காலுக்குக் கீழ் முன் எலும்பு, விலா ஆகியவற்றில் விடாத உளைவு. கணுக்காலுக்கு மேல் எலும்பை விரலால் அழுத்தினால் நோவது.
- கீழே இருந்து எழும்பக் கை ஊன்ற வேண்டிய நிலை. படி ஏறக் கஷ்டம். நடக்கும்போது பக்கத்துக்குப் பக்கம் சாய்ந்து நடப்பது.
- தசை பலவீனம், களைப்பு.
- பிள்ளைகளில்: நடக்கப் பிந்துவது, கால் வளைவது, மணிக்கட்டு தடிப்பது, பல் முளைக்கப் பிந்துவது. சிறு குழந்தைகளுக்குக் கல்சியம் மிகவும் குறைந்தால் வலிப்பு வரலாம். வலிப்பு வந்தால் உடனே 999 இலக்கத்துக்கு அழையுங்கள்.

இந்த இடத்தில் முக்கியமான ஒரு விஷயம். அடி உதை பட்டவர்கள், சித்திரவதைக்கு உள்ளானவர்கள் நம்மிடையே பலர். அவர்களுக்கு உடம்பு நோவுக்கு வேறு காரணமும் இருக்கிறது. சில நேரம் எல்லா வலியையும் "அது பழைய அடி" என்று விட்டுவிடுகிறோம். சில நேரம் "மன அழுத்தத்தால் வருகிறது" என்று பிறர் சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் இருக்கலாம், கூடவே விற்றமின் டீ குறைவும் இருக்கலாம். ஒன்று இருப்பதால் மற்றது பொய்யாகிவிடாது. ஆகவே வைத்தியரிடம் போகும்போது எங்கே, எப்போது அடிபட்டது என்பதையும் சொல்லுங்கள், எத்தனை காலம் வெயில் படாமல் வீட்டுக்குள் இருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். "விற்றமின் டீயைப் பற்றிக் கதைத்தால் என்ரை காயத்தை நம்பமாட்டினமோ" என்று பயந்து மறைக்க வேண்டாம். முழு விவரமும் தெரிந்தால்தான் வைத்தியர் சரியாக எழுத முடியும்.

இங்கே வந்த பிறகு ஏன் இன்னும் குறைகிறது?

வளைகுடாவில் வெயில் இருந்தது, நாம் உள்ளே இருந்தோம். இங்கே வெளியே நின்றாலும் பாதி வருஷம் கதிர் இல்லை. ஒக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை இந்நாட்டு வெயிலில் விற்றமின் டீ உண்டாகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே நல்ல வெயில் போலத் தோன்றும், நிழலைப் பார்த்தால் தெரியும். போதாததற்கு ஹோட்டல் அறையிலோ தங்குமிடத்திலோ நாள் முழுக்க அடைந்து கிடக்கிறோம். குளிருக்குக் கழுத்து வரை உடுப்பு வேறு.

இது நம்மவருக்குப் புதிய பிரச்சினை அல்ல. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பாகிஸ்தானில் இருந்து குடியேறிய குடும்பங்களிடம் எலும்பு மெலிவு நோய் இருப்பதை 1962இலேயே வைத்தியர்கள் எழுதினார்கள். 1981இல் ஆசியக் குடும்பங்களுக்காக நாடு முழுக்க ஒரு விழிப்புணர்வு இயக்கமே நடந்தது. நோர்வேயிலும் பார்த்திருக்கிறார்கள். கண்டியில் வாழும் இலங்கையரையும் ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்ட ஆய்வு 2008இல் வெளியானது. ஒஸ்லோவில் உள்ளவர்களின் விற்றமின் டீ அளவு கண்டியில் உள்ளவர்களைவிட வெகு குறைவு. ஒரே நாட்டு மக்கள்தான், இருந்த இடம்தான் வேறு.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, குளிசை. இந்நாட்டின் சுகாதார சேவையான என்.எச்.எஸ். தரும் ஆலோசனை இதுதான்:

- பெரியவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்: நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம். இதை 400 யூனிற் என்றும் எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.
- பொதுவாக எல்லோருக்கும் இலையுதிர் காலத்திலும் குளிர் காலத்திலும் இது வேண்டும். ஆனால் நம்மைப் போன்ற தெற்காசியத் தோல் உடையவர்கள், உடலை மூடி உடுப்பவர்கள், பெரும்பாலும் உள்ளே இருப்பவர்கள் வருஷம் முழுக்க எடுப்பது நல்லது.
- தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பிறந்த நாள் முதல் ஒரு வயது வரை நாளொன்றுக்கு 8.5 முதல் 10 மைக்ரோகிராம் துளி மருந்து. நாளொன்றுக்கு 500 மில்லிலீற்றருக்கு மேல் புட்டிப்பால் மா குடிக்கும் குழந்தைக்குத் தனியே வேண்டாம், மாவிலேயே சேர்த்திருக்கிறார்கள்.
- ஒன்று முதல் நாலு வயது வரை நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம்.

இந்தச் சிறிய அளவுக் குளிசையை மருந்துக்கடையிலும் சுப்பர்மார்க்கெற்றிலும் வைத்தியர் சீட்டு இல்லாமல் வாங்கலாம். விலை அதிகம் இல்லை. விலை உயர்ந்த பெட்டிதான் நல்லது என்று நினைக்க வேண்டாம், அளவைப் பார்த்து வாங்குங்கோ. மாமிசம் தவிர்ப்பவர்களும் முஸ்லிம் சகோதரர்களும் உறை ஜெலற்றினால் செய்ததா என்று கேட்டு வாங்கலாம், அது இல்லாத வில்லைகளும் உண்டு. கர்ப்பிணிகளும் பச்சைக் குழந்தை உள்ளவர்களும் தாதியிடம் இலவசத் துளி மருந்து கிடைக்குமா என்று கேளுங்கோ.

இரண்டாவது, சாப்பாடு. சாளை, சூடை, கானாங்கெளுத்தி, சால்மன் போன்ற எண்ணெய்ப் பிடிப்பான மீன்களில் விற்றமின் டீ உண்டு. நமக்குப் பழகிய டின் மீனும் நல்லது. ஹோட்டலில் சமைக்க வசதி இல்லாதவர்கள் டின் மீனைப் பாணோடு சாப்பிடலாம். முட்டை மஞ்சள் கருவில் கொஞ்சம் உண்டு. இந்நாட்டுப் பசும்பாலில் பொதுவாக விற்றமின் டீ சேர்ப்பதில்லை. ஆகவே பால் குடித்தால் கல்சியம் வரும், விற்றமின் டீ வராது. சாப்பாட்டால் மட்டும் முழுத் தேவையையும் நிரப்புவது கஷ்டம்.

மூன்றாவது, வெயில். ஏப்ரல் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை பகல் 11 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் இருபது முப்பது நிமிடம் கையும் காலும் வெயில் பட வெளியே நடவுங்கள். தோல் சிவக்கும், எரியும் அளவுக்கு நிற்க வேண்டாம். உடலை மூடி உடுப்பவர்கள் அதை மாற்ற வேண்டியதில்லை, குளிசையை ஒழுங்காக எடுத்தால் போதும். வெளியே நடப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. வழக்கு முடிவு வருமா வருமா என்று அறைக்குள் யோசித்துக்கொண்டிருக்கும் மனதுக்கு அது ஆறுதல்.

"பிள்ளையைக் காலமை இளவெயிலிலை பிடி" என்று அம்மம்மா சொல்லிக் கேட்டிருப்போம். பாசத்தோடு சொன்ன சொல்தான். ஆனால் விடியற்காலை வெயிலில் நிழல் நீளம், கதிர் குறைவு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை உச்சி வெயிலில் பிடிக்கவும் கூடாது, தோல் தாங்காது. ஆகவே குழந்தைக்குத் துளி மருந்தே சரியான வழி.

வைத்தியரிடம் போவது எப்படி?

மேலே சொன்ன அடையாளங்கள் இருந்தால் சிறிய அளவுக் குளிசை போதாது. ஜீ.பி. எனப்படும் குடும்ப வைத்தியரைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் ஜீ.பி.யிடம் பதிவதற்கு விசாவோ கடவுச்சீட்டோ முகவரிச் சான்றோ கட்டாயம் இல்லை. ஹோட்டலில் தங்கி இருப்பவரும் பதியலாம். வரவேற்பு மேசையில் "பத்திரம் இல்லாமல் முடியாது" என்று சொன்னால் சண்டை பிடிக்காமல் எங்களிடம் வாருங்கள், நாங்கள் பேசுகிறோம்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கோ. அதற்குப் பணம் இல்லை. பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம், சில விஷயங்களைப் பிள்ளைக்கு முன்னால் சொல்ல முடியாது.

ஹோம் ஒஃபிஸின் தஞ்ச உதவி பெறுபவர்களுக்கு எச்.சீ.2 என்ற சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டினால் இங்கிலாந்தில் வைத்தியர் எழுதும் மருந்து இலவசம். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் வைத்தியர் எழுதும் மருந்து எல்லோருக்கும் இலவசம்.

குறைவு உறுதியானால் பெரும்பாலும் ஆறு முதல் பத்து வாரத்துக்குக் கூடிய அளவு மருந்து தருவார்கள், பிறகு குறைந்த அளவில் தொடர வேண்டும். எலும்பு நோவு ஒரு கிழமையில் போகாது, சில மாதம் எடுக்கும். "மருந்து வேலை செய்யேல்லை" என்று இடையில் விட்டுவிடாதீங்கோ.

மத்திய கிழக்கில் இருந்து கொண்டுவந்த ரிப்போட்டும் மருந்தும்

இதில் பலர் குழம்புகிறார்கள். வளைகுடாவில் பல ஆய்வுகூடங்கள் விற்றமின் டீயை நானோகிராம் கணக்கில் எழுதும். இங்கே நானோமோல் கணக்கு. ஒரு நானோகிராம் என்பது இரண்டரை நானோமோல். டுபாய் ரிப்போட்டில் 12 என்று இருந்தால் இங்கே அது 30. ஒருவர் இங்கே 30 என்று கண்டதும் "கூடிவிட்டது" என்று சந்தோஷப்படக் கூடாது, கூடவே இல்லை. இந்நாட்டுக் கணக்கில் 25 நானோமோலுக்குக் கீழே குறைபாடு, 25 முதல் 50 வரை சிலருக்குப் போதாது, 50க்கு மேல் அநேகமாக எல்லோருக்கும் போதும். பழைய ரிப்போட் இருந்தால் எறியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

மருந்து விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வளைகுடாவில் 50,000 யூனிற் மாத்திரையும், இந்தியாவில் 60,000 யூனிற் மாத்திரையும் தூளும் கொடுப்பது வழக்கம். இவை வாரத்துக்கு ஒன்று அல்லது மாதத்துக்கு ஒன்று என்று எடுப்பதற்கானவை. அதை நாளுக்கு ஒன்றாக விழுங்கினால் நஞ்சாகும். இரத்தத்தில் கல்சியம் மிஞ்சி வாந்தி, அடங்காத தாகம், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், மனக் குழப்பம் வரும். சிறுநீரகம் பழுதாகலாம். சொந்தமாக வாங்கி எடுப்பதானால் பெரியவருக்கு நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம், அதாவது 4,000 யூனிற்றைத் தாண்டக் கூடாது. பத்து வயது வரையான பிள்ளைக்கு 50, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 25 மைக்ரோகிராம் உச்ச எல்லை. நண்பர் தந்த மாத்திரையை, பெயர் ஒன்றுதானே என்று எடுக்க வேண்டாம்.

சிறுநீரக நோய், சிறுநீரகக் கல், காசநோய் உள்ளவர்களும், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்களும் முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும். கர்ப்பிணிகள் மீன் ஈரல் எண்ணெய் எடுக்கக் கூடாது, அதில் விற்றமின் ஏ அதிகம்.

இது சர்வரோக நிவாரணி அல்ல

விற்றமின் டீ எடுத்தால் புற்றுநோய் வராது, மாரடைப்பு வராது, கவலை எல்லாம் போய்விடும் என்று விளம்பரங்கள் வரும். அமெரிக்காவில் ஏறத்தாழ 26,000 பேரை வைத்து நடத்திய பெரிய பரிசோதனையின் முடிவு 2018இல் வந்தது. நாளொன்றுக்கு 2,000 யூனிற் எடுத்தவர்களுக்குப் புற்றுநோயும் மாரடைப்பும் மற்றவர்களைவிடக் குறையவில்லை. ஆகவே குறைவை நிரப்புங்கள், எலும்பும் தசையும் பலன் அடையும். அதற்கு மேல் பணம் செலவழிக்க வேண்டாம். நித்திரை இல்லாமை, கெட்ட கனவு, உயிரே வேண்டாம் என்ற எண்ணம் இருந்தால் அதற்குத் தனி உதவி இருக்கிறது. அதை விற்றமின் குளிசையால் மறைக்க முயல வேண்டாம், எங்களிடம் சொல்லுங்கள்.

இன்னும் அங்கே இருக்கும் உறவினருக்குச் சொல்ல

அக்கா தங்கச்சி, மனைவி, தம்பி இன்னும் வளைகுடாவில் இருந்தால் தொலைபேசியில் இவற்றைச் சொல்லுங்கோ:

- விற்றமின் டீக்காக ஒருபோதும் கோடை நடுப்பகல் வெயிலில் நிற்க வேண்டாம். வெப்பத் தாக்கு உயிரைக் கொல்லும். டுபாய்ப் பக்கம் ஜூன் மாதத்தில் காலை 9 மணியளவிலேயே நிழல் நம் உயரத்துக்குச் சுருங்கிவிடும். சூடு தாங்கக்கூடியதாக இருந்தால் அப்போது சிறிது நேரம் நின்றால் போதும்.
- நவம்பர் முதல் மார்ச் வரை வெயில் இதம். அந்த மாதங்களில் பகல் 11 முதல் 1 மணி வரை, சட்டைக் கையை மடித்துவிட்டு இருபது முப்பது நிமிடம் வெளியே நிற்கலாம். லீவு நாளை நித்திரையில் கழிக்காமல் ஒரு மணி நேரம் பூங்காவுக்குப் போகலாம்.
- வீட்டை விட்டு வெளியே வர முடியாத பணிப்பெண் உடுப்புக் காயப்போடும் வேலையை முற்பகலுக்கு மாற்ற முடியுமா என்று பார்க்கலாம். பால், மோர் வாங்கும் வீட்டில் பெட்டியில் விற்றமின் டீ சேர்த்தது என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.
- கர்ப்பமாக உள்ளவர், பாலூட்டுபவர் கிளினிக்கில் தாமே கேட்டு விற்றமின் டீ எடுக்க வேண்டும். வெயில் நாடுதானே என்று இருக்கக் கூடாது.

படித்ததைச் சரிபார்க்க

கீழே உள்ள கேள்விகளை வீட்டில் உள்ளவர்களோடு கதைத்துப் பாருங்கோ.

1. ஜன்னல் ஓரம் ஒரு மணி நேரம் வெயில் காய்ந்தால் விற்றமின் டீ கிடைக்குமா? (கிடைக்காது.)
2. வெளியே உங்கள் நிழல் உங்களைவிட நீளம். அந்த வெயில் போதுமா? (போதாது.)
3. பெட்டியில் 400 யூனிற் என்று இருக்கிறது. வைத்தியர் 10 மைக்ரோகிராம் என்றார். வாங்கலாமா? (வாங்கலாம், இரண்டும் ஒன்று.)
4. அண்ணை டுபாயில் இருந்து 50,000 யூனிற் மாத்திரை அனுப்பியிருக்கிறார். நாளுக்கு ஒன்று எடுக்கலாமா? (கூடவே கூடாது. வைத்தியரிடம் காட்டுங்கள்.)
5. உங்கள் வீட்டில் தாய்ப்பால் குடிக்கும் குழந்தை இருக்கிறதா? இன்றைக்குத் துளி மருந்து கொடுத்தாயிற்றா?

ஐந்தாவது கேள்விக்கு "இல்லை" என்பது பதில் என்றால் நாளைக்கே மருந்துக்கடைக்குப் போங்கள். வழி தெரியாவிட்டால், பேசப் பாஷை தெரியாவிட்டால், கையில் காசு இல்லாவிட்டால் எமது ஆலோசனை நாளில் வந்து கேளுங்கள். நீங்கள் சொல்லும் எதுவும் ஹோம் ஒஃபிஸுக்குப் போகாது.